வங்கிக் கடன் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்: பிடிஎஃப் போதும் என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய கடன் பிரிவு மேலாளர்களுக்கும் மண்டல அலுவலகங்களில் சாங்ஷன் குறிப்பு எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூர் வட்டாரத்துச் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சிஎம்ஏ டேட்டாவும் (கடனுக்காக வங்கி கேட்கும் வருஷவாரிக் கணக்குப் படிவங்கள்) தயாரித்துத் தருவது என் பிழைப்பு. ஃபவுண்டரி, பம்ப், ஓப்பன் எண்ட் மில், பேக்கரி என்று எது கடன் கேட்டு வந்தாலும், அதன் அடுத்த ஏழு வருஷ லாப நட்டம் எங்களைப் போன்றவர்களின் எக்ஸெல் ஷீட்டில்தான் முதலில் உருவாகிறது. அங்கிருந்து உங்களிடம் வருகிறது. வரும் வழியில் ஃபார்முலாக்கள் எல்லாம் உதிர்ந்து, வெறும் எண்கள் மட்டும் உங்கள் கைக்குச் சேருகின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடைமுறை உங்களுக்கே தெரியும். "பிடிஎஃப்பா மெயில்ல போட்டுடுங்க சார், சீல் வெச்சு ரெண்டு காப்பி நேர்ல குடுத்துடுங்க" என்பார்கள் கிளையில். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் இளம் அதிகாரி வங்கியின் மென்பொருளில் ஒவ்வோர் எண்ணாகத் திரும்பத் தட்டுவார். விற்பனை, மூலப்பொருள், கூலி, தேய்மானம், எல்லாம் வருஷவாரியாக. மாலை ஏழு மணிக்கு மேல் அந்த வேலையில் உட்கார்ந்திருப்பவர் 86.4 என்பதை 84.6 என்று அடித்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. தாளில் டிஎஸ்சிஆர் (கட்ட வேண்டிய தவணை, வட்டியைப் போல எத்தனை மடங்கு பணம் வரும் என்ற விகிதம்) 1.58 என்று இருந்தால், அது கணக்குப் போட்டு வந்த 1.58-ஆ, யாரோ நேராகத் தட்டி வைத்த 1.58-ஆ என்று தாளைப் பார்த்துச் சொல்ல எந்தக் கெட்டிக்காரராலும் முடியாது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். ஃபார்முலா உயிரோடு இருக்கும் ஷீட்டையே கேட்டு வாங்குங்கள். அதைத் திறந்து பாருங்கள். கடன் அடைபடும் வரை கோப்பில் வைத்திருங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும் என்பது என் கணிப்பு.

சிஎம்ஏ படிவங்கள் எக்ஸெல்லுக்காகப் பிறந்தவை இல்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். வங்கிக் கடன் நெறிகளை ஆராய்ந்த டாண்டன் கமிட்டி அறிக்கை தந்தது 1975-இல். ரிசர்வ் வங்கி பழைய கடன் அனுமதி முறையைக் கைவிட்டுக் கண்காணிப்பு முறைக்கு (சிஎம்ஏ என்பது இதன் சுருக்கப் பெயர்தான்) மாறியது 1988-இல். அப்போது கணக்கர் ஒவ்வொரு கூட்டலையும் தாளில் போட்டார். அதிகாரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தால் அரை மணியில் சரிபார்த்துவிடலாம், ஏனென்றால் கணக்கு முழுவதும் தாளின் மேலேயே இருந்தது. இன்று அதே படிவத்தின் ஒரு செல்லுக்குப் பின்னால் மூன்று ஷீட்டுகள் இருக்கின்றன: 84 மாதத் தவணை அட்டவணை, தேய்மான அட்டவணை, ஸ்டாக் கணக்கு. கணக்கு தாளை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. சரிபார்ப்பு மட்டும் இன்னும் தாளிலேயே நிற்கிறது.

அந்த ஷீட்டுகளுக்குள் என்னென்ன நடக்கிறது என்று ஒன்றிரண்டைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். உறவினர் கடன் 14.50 லட்சத்தைப் பொறுப்புப் பக்கத்தில் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள், அந்தப் பணம் எங்கே போனது என்பதைச் சொத்துப் பக்கத்தில் காட்டவில்லை. ரொக்க இருப்பும் கையால் தட்டிய எண்தான், ஃபார்முலா இல்லை. இடைவெளி அப்படியே 14.50. நேரமோ இல்லை, நாளைக்குக் காலையில் மேனேஜரைப் பார்க்க வேண்டும். உடனே "இதர நடப்புச் சொத்துகள்" என்ற வரியில் ஒரு ஃபார்முலா: மொத்தப் பொறுப்பில் இருந்து மற்ற எல்லாச் சொத்தையும் கழி. முடிந்தது, இனி எந்த வருஷத்தில் எதை மாற்றினாலும் பேலன்ஸ் ஷீட் கச்சிதமாக டேலி ஆகும். இது தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துகிற வேலை. இதன் விளைவையும் பாருங்கள். நடப்புச் சொத்து 146 லட்சம், நடப்புப் பொறுப்பு 115 லட்சம் என்றால் கரண்ட் ரேஷியோ 1.27. அந்த 14.50 உள்ளே வந்ததும் 160.50-ஐ 115-ஆல் வகுக்க 1.40. டாண்டன் காலத்தில் இருந்து நீங்கள் பார்க்கும் 1.33 என்ற குறைந்தபட்ச வரம்பை, இல்லாத ஒரு சொத்து தாண்டிவிட்டது. அச்சில் அந்த வரி மிகச் சாதாரணமாக இருக்கும். செல்லைச் சொடுக்கினால் மட்டுமே அந்தக் கழித்தல் ஃபார்முலா தெரியும்.

இன்னொன்று வட்டி. இரண்டு கோடி டெர்ம் லோன், 10.5 சதவீதம், 84 மாதச் சம அசல் தவணை. முதல் வருஷ வட்டி எவ்வளவு? வருஷத் தொடக்க நிலுவை மேல் போட்டால் 21 லட்சம். வருஷக் கடைசி நிலுவை மேல் போட்டால் 18 லட்சம். மாதாமாதம் குறையும் நிலுவை மேல் போட்டால் 19.63 லட்சம். மூன்று விதமான ஷீட்டும் புழக்கத்தில் இருக்கிறது. எந்த முறை என்று ஒரு வரிக் குறிப்புகூட எழுதப்படுவதில்லை. முதல் வருஷ லாபமே பத்துப் பதினைந்து லட்சமாக இருக்கும் ஒரு சிறு யூனிட்டுக்கு மூன்று லட்சம் என்பது உங்கள் முடிவையே மாற்றக்கூடிய தொகை.

சராசரி டிஎஸ்சிஆர் பற்றியும் சொல்ல வேண்டும். 0.92, 1.25, 1.60, 1.90, 2.10, 2.30 என்று ஆறு வருஷம் வந்தால் சராசரி 1.68. அருமையான எண். ஆனால் முதல் வருஷத்தில் தவணை கட்டப் பணம் இல்லை என்பதுதான் அந்த வரிசை சொல்லும் செய்தி. மாரடோரியத்தை (தவணை தொடங்கும் முன் தரும் அவகாசத்தை) இன்னும் ஆறு மாதம் நீட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும் கடன், சராசரியை மட்டும் பார்த்ததால் முதல் வருஷத்திலேயே இழுபறியாகிறது. இது ஷீட்டின் பிழைகூட இல்லை, படிக்கும் விதத்தின் பிழை.

அப்புறம், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்து எடுக்கும் எண்கள். ட்ரயல் பேலன்ஸை எக்ஸெல்லுக்கு ஏற்றுமதி செய்தால் எண்ணுக்குப் பக்கத்தில் பற்று, வரவு என்ற குறி கண்ணுக்குத் தெரியும். அது செல்லின் அலங்காரம் மட்டுமே. உள்ளே இருக்கும் எண் இரண்டுக்கும் கூட்டல் குறியோடுதான் நிற்கும். அந்தச் செல்லை அப்படியே வேறு ஷீட்டில் இணைத்தால், கழிக்க வேண்டியது கூடிவிடும். டேலியோடு வேலை செய்யும் எல்லோருக்கும் இது பழகிய தலைவலி. எண்களை எழுத்தாகத் தட்டி வைப்பதும் இதே வகை: "12,50,000" என்று எழுத்து வடிவில் இருக்கும் செல்லை எக்ஸெல்லின் கூட்டல் ஃபார்முலா சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவே நடக்கும் குளறுபடிகளைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. அதில் ஓர் ஆறுதல், அவை பெரும்பாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது ஐஎஃப்எரர் என்ற எக்ஸெல் ஃபார்முலா. ஏதோ ஒரு தேடல் ஃபார்முலா தோற்றுப்போய், செல்லில் பிழைச் செய்தி வருகிறது. காரணத்தைத் தேடாமல், பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். தவணை அட்டவணையில் இப்படி ஒரு மாதம் பூஜ்யமானால் அந்த மாத வட்டி மாயம், லாபம் ஏறுகிறது. எக்ஸெல் எச்சரித்தது; நாம் வாயை அடைத்தோம்.

இதெல்லாம் சின்ன ஊர்க் கணக்கர்களின் கோளாறு என்று யாராவது நினைத்தால், ஹார்வர்ட் பேராசிரியர்களின் கதையை நினைவுகூர வேண்டும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது. பல நாடுகளில் சிக்கன நடவடிக்கையை ஆதரித்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. ஆய்வாளர்களிடமே எழுதிக் கேட்டார். அவர்கள் எக்ஸெல் ஷீட்டை அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டு நடுவிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். 2013-இல் அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்ட மறுகணக்கில், மைனஸ் 0.1 என்று இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாக வந்தது. அந்த ஒரு ஃபார்முலா மட்டும் காரணமில்லை; சில ஆண்டுகளை விட்டதும் நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான் வித்தியாசத்தில் பெரும்பங்கு. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. மூன்று வருஷம் உலகமே படித்த அச்சுப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத அந்தப் பிழை, ஷீட் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஷீட்டைக் கொடுத்த அந்தப் பேராசிரியர்களின் நேர்மையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வங்கிகளில் அமெரிக்காவின் ஜேபி மார்கன் கதை தெரிந்ததுதான். 2012-இல் அதன் லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டு வங்கியே வெளியிட்ட விசாரணை அறிக்கை, இடரை அளக்கும் மாடல் பல எக்ஸெல் ஷீட்டுகளில் ஓடியதையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் காப்பி பேஸ்ட் செய்யப்பட்டதையும், ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்ததையும் பதிவு செய்திருக்கிறது. இழப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் இடர் குறைவாகத் தெரிந்ததற்கு இந்த ஷீட்டும் துணைபோனது.

அதிகாரத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு பிரிட்டனின் உதாரணம் பொருத்தமானது. 2012 ஆகஸ்டில் அங்குள்ள போக்குவரத்துத் துறை, லண்டனில் இருந்து கிளாஸ்கோ செல்லும் மேற்குக் கடற்கரை ரயில் பாதையை இயக்கும் உரிமையை ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தது. போட்டியாளரான விர்ஜின் வழக்குக்குப் போனது. அக்டோபரில் அரசே ஏலத்தை ரத்து செய்தது. ஏலதாரர்கள் எவ்வளவு இடர்ப்பணம் கட்ட வேண்டும் என்று கணக்கிட்ட கருவி வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. 2010-ஆம் ஆண்டு விலையில் வந்த எண்களைப் பணவீக்கம் சேர்ந்த எண்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கருவியை ஏலதாரர்களுக்குக் காட்டவும் இல்லை, அதனால் அவர்களாலும் சரிபார்க்க முடியவில்லை. ஏலதாரர்களுக்குச் செலவைத் திருப்பித் தரவே சுமார் 4 கோடி பவுண்ட் ஆகும் என்று அரசு சொன்னது. பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். நிதித்துறைச் செயலர் நிக்கோலஸ் மேக்ஃபர்சன் தலைமையில் அரசு முழுவதிலும் உள்ள முக்கியக் கணக்கு மாடல்களைப் பட்டியலிட்டார்கள். 500-க்கும் மேல் வந்தன. ஒவ்வொரு மாடலுக்கும் பொறுப்பான ஒரு மூத்த அதிகாரியின் பெயர் இருக்க வேண்டும் என்று 2013-இல் பரிந்துரைத்தார்கள். 2015-இல் அதற்கென ஒரு கையேடே வந்தது.

நம்மிடம் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. டெர்ம் லோன் ஷீட் வந்தால் கால் மணி நேரம் போதும். ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: அனுமானங்கள் இருக்கும் ஷீட்டுக்குப் போய் மூலப்பொருள் விலையை ஐந்து சதவீதம் ஏற்றுங்கள். கடைசி ஷீட்டில் டிஎஸ்சிஆர் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அது தட்டி வைத்த எண். கோப்பைத் திருப்பி அனுப்பலாம். அசைந்து, ஆனால் பேலன்ஸ் ஷீட் வித்தியாசம் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால், ரொக்க இருப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். ரொக்கம் ஃபண்ட் ஃப்ளோவில் (பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற கணக்கில்) இருந்து வந்து, வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் நல்ல ஷீட். "இதர" என்ற வரி வழியாகப் பூஜ்யம் வந்தால் மேலே சொன்ன விரல் அங்கே இருக்கிறது. பல ரிப்போர்ட்டுகளில் சென்சிடிவிட்டி அனாலிசிஸ் (அனுமானம் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்ற கணக்கு) என்று ஒரு பக்கம் அழகாக இருக்கும். அதையும் சொடுக்கிப் பாருங்கள், எண்கள் வெறும் எண்களாகவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள்.

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டினால் ஷீட்டில் உள்ள ஃபார்முலா எல்லாம் வெளியே தெரியும். ஒரு வரிசையில் வருஷா வருஷம் ஒரே மாதிரி ஃபார்முலா ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வருஷம் மட்டும் மொட்டையாக ஓர் எண் நின்றால், அங்கே ஒரு கதை இருக்கிறது. கடன் கேட்பவரைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார். மறைத்து வைத்த ஷீட்டுகளையும் திறந்து பாருங்கள். வேறு யாரோ ஒரு மில்காரரின் எண்கள் அங்கே குடியிருக்கலாம். டெம்ப்ளேட்டுகள் ஆபீஸ் ஆபீஸாகக் கைமாறி வருபவை.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். வெளியில் இருந்து வரும் எக்ஸெல் ஃபைலில் வைரஸ் வரும் என்பீர்கள். மேக்ரோ (ஃபைலுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்) இல்லாத வடிவத்தில் மட்டும் வாங்குங்கள். சிஎம்ஏ போட மேக்ரோ எதற்கு? நேரமில்லை என்பீர்கள். அதே எண்களைத் திரும்பத் தட்டும் நேரத்தை மிச்சம் பிடியுங்கள். எங்கள் ஆட்களும் ஒன்று சொல்வார்கள்: "ஃபார்முலாவோட குடுத்தா நம்ம டெம்ப்ளேட்டை எல்லாரும் எடுத்துக்குவாங்களே." வட்டி, தேய்மானம், தவணை எல்லாம் ஊரறிந்த கணக்கு, அதில் தொழில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஷீட்டை எந்த வங்கியும் ஏற்கக் கூடாது என்பதே என் எண்ணம், சக தொழிலாளர்கள் என்னைத் திட்டினாலும்.

கூச்சமில்லாமல் இன்னொன்றும் சொல்கிறேன். "டிஎஸ்சிஆர் ஒண்ணரைக்கு வர்ற மாதிரி பாத்துக்குங்க" என்று எங்களுக்குச் சொல்பவர்களில் கடன் கேட்பவர் மட்டும் இல்லை. அப்படிச் சொன்னதும் ஷீட் பின்னாலிருந்து முன்னால் ஓட ஆரம்பிக்கிறது: விடை தயார், அதற்கேற்ற உற்பத்தித் திறன் பயன்பாடு 70 சதவீதத்தில் இருந்து 78, பிறகு 85 என்று ஏறுகிறது. எக்ஸெல்லில் இதற்கென்றே கோல் சீக் என்று ஒரு வசதி உண்டு. எந்த ஃபார்முலா சோதனையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஃபார்முலா எல்லாம் சரியாகவே இருக்கும். பிடிக்க ஒரே வழி, ஒவ்வோர் அனுமானத்துக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுத வைப்பது. மின்கட்டணம் என்றால் கடைசி ரசீது. உற்பத்தித் திறன் என்றால் இதே தொழிலில் ஏற்கெனவே ஓடும் யூனிட்டின் கணக்கு, அல்லது இயந்திரம் விற்பவரின் கொட்டேஷன். "அனுபவத்தின் அடிப்படையில்" என்று எழுதினால் யாருடைய அனுபவம் என்று கேளுங்கள்.

ஐந்து கோடி வரையிலான ஒர்க்கிங் கேப்பிடல் கடனுக்கு (அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம்) விற்பனையில் 20 சதவீதம் என்ற நாயக் கமிட்டி முறை இருக்கிறது. அங்கே மாடல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, விற்பனை மதிப்பீடு ஒன்றைத் தவிர. அதற்கு ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிட்டால் போதும்.

சாங்ஷன் ஆன பிறகு ஷீட்டை மறந்துவிடுகிறோம். இதுவும் மாற வேண்டும். ஆண்டு ரினியூவலுக்குத் தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட் வரும்போது, பழைய ஷீட்டில் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் நிஜ எண்ணைப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில், எந்தத் தொழிலில் எந்த அனுமானம் வழக்கமாக ஊதிப் பெருக்கப்படுகிறது, யார் தயாரித்த ரிப்போர்ட் நிஜத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். என்னுடையதும் அதில் அகப்படட்டும்.

இதற்குப் புதிய மென்பொருளோ கமிட்டியோ வேண்டாம். கடன் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். வாசகத்தையும் நானே எழுதித் தந்துவிடுகிறேன்: "திட்ட மதிப்பீட்டின் எக்ஸெல் கோப்பு, ஃபார்முலாக்களோடு, பூட்டோ மேக்ரோவோ மறைத்த ஷீட்டோ இல்லாமல், முதல் ஷீட்டில் அனுமானங்களும் அவற்றின் ஆதாரமும், தயாரித்தவர் பெயர், சரிபார்த்த வேறொருவர் பெயர், தேதி."

இப்படிக்கு,
கோயம்புத்தூரில் இருந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஒருவர்